ஒரு லட்சத்து ஒரு ரூபாய்

கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் செக் எழுதலாம் என்று நம்புகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பேங்குப் பக்கமே போகாதவர்கள் ஒரு வகை. பி.காம். படித்தவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை, அதுவும் முதல் வகுப்பில் தேறியவன்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் அப்போதுதான் ஒரு கருப்பட்டிக் கடை போட்டிருந்தேன். கருப்பட்டி, கருப்பட்டி மிட்டாய், சுக்குக் காப்பித் தூள். மேஜை மேல் ஒரு கியூஆர் அட்டை, அதன் பக்கத்தில் பணம் வந்தால் தெருவே கேட்கும்படி கத்துகிற ஸ்பீக்கர் பெட்டி, என் கடை பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட். மற்ற எதையும்விட அந்தக் கரண்ட் அக்கவுண்ட் மேல்தான் எனக்குப் பெருமை. சேமிப்புக் கணக்கு எல்லாரும் வைத்திருக்கிறார்கள், கரண்ட் அக்கவுண்ட் முதலாளிகள் வைத்திருப்பது இல்லையா? கடையைப் பூட்டிக்கொண்டு எங்கே போனாலும் (முடிவெட்டப் போனாலும்) பக்கத்துக் கடை டெய்லரிடம், "யாரு கேட்டாலும் பேங்குக்குப் போயிருக்காருன்னு சொல்லும் வே" என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் நம்பிக்கையாகச் சொல்லி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் உடன்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் பியூலா. அப்பா தங்கதுரை அண்ணாச்சி, கருப்பட்டி மொத்த வியாபாரி. பெண் பார்க்கப் போன அன்று நான் பதற்றத்தில் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். எல்லாரும் ஐயோ என்று பதறினார்கள், பியூலா மட்டும் சிரித்துவிட்டாள். இந்தப் பெண் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அண்ணாச்சி அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்கிற ஆள் இல்லை. எங்கள் அம்மாவிடம் சொன்னார்:

"பையன் யாவாரம் பண்ணுதான்னு சொல்லுதீங்க, சந்தோஷம். முதல்ல நான் ஒரு லோடு சரக்கு அனுப்புதேன். தம்பி செக்கு குடுக்கட்டும். செக்கு பாசாச்சுன்னா ஞாயித்துக்கெழம ஆராதனை முடிச்சு உங்க வீட்டுக்கு வாரோம். மிச்சத்த அங்கன வச்சுப் பேசிக்கிடுவோம்."

செக்கு பாசாகாவிட்டால் என்ன என்று அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சரக்கு வந்து இறங்கியது. பில் சரியாக ஒரு லட்சம். எனக்கோ மொட்டையாக ஒரு லட்சம் என்று எழுதக் கை வரவில்லை. மொய் எழுதினாலும் நூற்றி ஒன்று, ஆயிரத்து ஒன்று என்று எழுதிப் பழகிய ஊர். நல்ல காரியத்துக்கு மொட்டைத் தொகை ஆகாது. அதனால் ஒரு லட்சத்து ஒரு ரூபாய் என்று அழகாக எழுதி, வெள்ளிக்கிழமை தேதி போட்டுக் கொடுத்தேன். அண்ணாச்சி செக்கைத் தூரப் பிடித்துப் படித்தார்.

"மொறை தெரிஞ்ச பிள்ளையால்லா இருக்கு" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். வியாழக்கிழமை மாலை கணக்கில் ஒரு லட்சத்து ஒரு ரூபாய் இருக்கும்படி நகர்த்தி வைத்தேன். கூட ஒரு பைசா கிடையாது. சும்மா கிடக்கிற பணம் செத்த பணம் என்பது அந்நாளைய என் கொள்கை. கணக்குத் தொடங்கும்போது குறைந்தபட்ச இருப்பு, கட்டணம் என்று பொடி எழுத்தில் நாலு பக்கம் கொடுத்தார்கள். அதை வாங்கி, படித்த மாதிரி தலையாட்டியதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை சேரன்மகாதேவிக்கு ஒரு பை நிறையக் கருப்பட்டி மாதிரிகளோடு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. கரண்ட் அக்கவுண்டில் நூற்றுப் பதினெட்டு ரூபாய் பற்று. எதற்கு? ஸ்பீக்கர் பெட்டிக்கு மாத வாடகை, வரியோடு சேர்த்து. அந்தப் பாழாய்ப்போன பெட்டி பத்து ரூபாய் வரவை ஊரைக் கூட்டிச் சொல்லும். தனக்கு எடுத்துக்கொண்டதைப் பற்றி மூச்சு விடாது.

என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் பேங்கிலிருந்து போன்.

"சார், ஒரு லட்சத்து ஒரு ரூபாய்க்கு ஒரு செக் வந்திருக்கு. கணக்குல பணம் குறையுது. பன்னெண்டு மணிக்குள்ள கட்டிருங்க. இல்லேன்னா ரிட்டர்ன் ஆயிரும், அதுக்குத் தனியா சார்ஜ் வேற."

"நூத்திப் பதினெட்டு ரூவாதான மேடம்? கொஞ்சம் பாத்துப் பாஸ் பண்ணிரக் கூடாதா?"

"புதுக் கணக்குக்கு அப்படியெல்லாம் பண்ண முடியாது சார்."

மணி பத்தரை. ரிட்டர்ன் என்றால் அண்ணாச்சிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவர் பக்கமும் அபராதம் பிடிப்பார்கள். மாப்பிள்ளை கொடுத்த முதல் செக்குக்கு மாமனார் தண்டம் கட்டுவதா!

உடனே ஷீலா அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒளிந்து நின்று குசுகுசுவென்று பேசினாள்.

"லே செல்வின், எனக்கு உன் போன் நம்பரத் தட்டி அனுப்ப மட்டுந்தான் தெரியும். அக்கவுண்டு நம்பரெல்லாம் போடத் தெரியாது."

"அது போதும்க்கா. சேமிப்புக் கணக்குக்கு வரும், நான் அங்கேருந்து மாத்திக்கிடுதேன். எரநூறு அனுப்பு."

இருநூறு வந்தது. அடுத்த நொடியே போனது. சேமிப்புக் கணக்கில் நான் பல மாதமாகக் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான கட்டணம் பாக்கி நின்றிருக்கிறது. எப்போது பணம் வரும் என்று காத்திருந்து, அக்கா காசை அப்படியே விழுங்கிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் அக்கா வகுப்புக்குப் போய்விட்டாள், போன் அணைந்து கிடந்தது.

காப்பிக் கடைக்காரரிடம் பையைத் திறந்து காட்டினேன்.

"அண்ணாச்சி, கருப்பட்டி பாதி வெலைக்குத் தாரேன். துட்டு மட்டும் கையில குடுங்க."

"கையில எங்கன இருக்கு தம்பி? இந்தா, ஸ்கேன் பண்ணுதேன்." பண்ணியும் விட்டார். என் கியூஆரில் விழுகிற பணம் கணக்குக்கு மறுநாள்தான் வரும். வாய்விட்டு அழுதிருப்பேன், பஸ் வந்துவிட்டது.

சட்டைப்பையில் இருந்தது மொத்தமே ஒரு நூறு ரூபாய்த் தாளும் கொஞ்சம் சில்லறையும். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒரு பாட்டாளிக் கூட்டம் நாற்றுக் கட்டுகளோடு ஏறியது, பைய இறங்கியது. ஜங்ஷனில் குதித்து டவுன் பஸ் பிடித்தேன். கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் ஒன்று என்று எழுதி, "ஒரு ரூவா சில்லற இல்ல, எறங்கும்போது வாங்கிக்கிடுங்க" என்றார். பாக்கிக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு ரூபாயையும் சேர்த்தால் சரியாக நூற்றுப் பதினெட்டு! கர்த்தர் கைவிடவில்லை என்று கண் கலங்கியது.

பேங்கில் நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால். ஸ்லிப் எழுதி வரிசையில் நின்றேன். முன்னால் மூன்று பேர். பின்னால் ஒரு குரல்.

"தம்பி, இங்கனதான் இருக்கீங்களா!"

தங்கதுரை அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு.

"பாளைக்கு ஒரு சோலியா வந்தேன். கடைய எட்டிப் பாப்போம்னு போனா பூட்டிக் கெடந்துச்சு. டெய்லரு, பேங்குல இருப்பாருன்னு சொன்னாரு. எந்நேரமும் பேங்குலதான் இருப்பாராமே?"

டெய்லரை நான் சபிக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவன் நான்தானே.

"ஆமா அண்ணாச்சி. ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கு."

"பெருந்தொகையோ?"

"அது… முக்கியமான தொகை."

பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஸ்லிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவர் போகிற மாதிரி இல்லை. மின்விசிறிக்குக் கீழே என் தோளை உரசிக்கொண்டு நின்று, நெல் விலை பேசினார். அவர் போகட்டும் என்று காத்திருந்தால் பன்னிரண்டு ஆகிவிடும், செக் போய்விடும். இப்போதே கட்டினால் மானம் போய்விடும். பியூலா சிரித்தது ஞாபகம் வந்தது. மானம் போனால் போகட்டும் என்று கவுண்டருக்குள் பணத்தைத் தள்ளினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு மைக்கை இழுத்துப் பேசினார். (கண்ணாடி போட்ட பிறகு அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஸ்பீக்கருக்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை.)

"சார், நூத்திப் பதினெட்டுன்னு எழுதியிருக்கீங்க. நூத்திப் பதினேழுதான் இருக்கு. ஒரு ரூபாய் குறையுது."

பேங்கே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர்! இறங்கும் அவசரத்தில் அந்த ஒரு ரூபாயை வாங்காமலே ஓடி வந்திருக்கிறேன். சட்டைப்பை, பேன்ட் பை, கருப்பட்டிப் பை எல்லாம் துழாவினேன். டிக்கெட் மட்டும் கிடைத்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு ஆக மூன்று நிமிஷம். நான் அந்த டிக்கெட்டையே கவுண்டருக்குள் நீட்டிவிட்டேன் என்று அண்ணாச்சி இன்றும் சத்தியம் செய்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஒரு ரூபாய்க் காசு கண்ணாடிக்கு அடியில் உருண்டு போனது.

"வச்சுக்கிடும்மா" என்றார் அண்ணாச்சி.

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் அவர் கேட்டார். "இது எதுக்கான துட்டு தம்பி?"

சொல்லிவிட்டேன். வாடகை, அக்கா காசு, காப்பிக் கடை, கண்டக்டர், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்போ லட்சத்து ஒண்ணுன்னு நீங்க எழுதுனதுல அந்த ஒண்ணு…" என்று இழுத்தார்.

"உங்களுதுதான் அண்ணாச்சி."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மாலைக்குள் செக் பாசான செய்தி வந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் என்ன பேசினார் என்று கேட்டால் தெரியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு மேல் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது அண்ணாச்சி, அடுத்து பியூலா. அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"மிச்சம் நூத்திப் பதினேழு ரூவாயாவது உங்க சொந்தத் துட்டா?"

இன்று கரண்ட் அக்கவுண்டை பியூலாதான் பார்க்கிறாள். குறைந்தபட்ச இருப்புக்கு மேலே அவள் வைத்திருக்கிற பணத்தை நான் செத்த பணம் என்று சொல்வதில்லை. அது உயிரோடுதான் இருக்கிறது, நான் தொட்டால் கத்துகிறது.

எங்கள் கல்யாணத்தில் மாமனார் ஐம்பதாயிரத்துக்கு மொட்டையாக ஒரு செக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "ஒத்த ரூவா முந்தியே குடுத்தாச்சு" என்றார் சத்தமாக. மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஐயாயிரம், புது வீடு புகுந்தபோது பத்தாயிரம், எல்லாம் மொட்டைத் தொகைதான். போன மாதம் மகள் பிறந்தநாளுக்கு உறைக்குள் ஆயிரம் ரூபாய் வைத்துக் கொடுத்தார். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு ரூவா எங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"உங்க அப்பா வாங்கிட்டாம்மா. பேங்குல போட்டிருக்கான்" என்றார் மாமனார்.