மரப்பு விடுமுன் ஆமென்

ஒரு வீட்டில் முதன்முதலாக ஒருவன் படிக்கப் போனால், அவன் படிப்பதைவிட அதை ஊர் பார்ப்பதுதான் முக்கியம். நானும் மார்த்தாண்டம் ரோட்டைப் பார்த்த ஜன்னலின் கருங்கல்லில் வலது கைமுட்டை ஊன்றி, கன்னத்தைத் தாங்கியபடி வருஷக்கணக்காகப் படித்தேன். (பாதி நேரம் தூக்கம்தான்.) கடைசியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கிக்கொண்டன. வாத்தியார் வேலைக்கு ஆள் தேடிய சமயத்தில் எனக்குச் சாக்பீஸ் பிடிக்கக் கை வரவில்லை.

பனையேறியான அப்பா குரலைத் தாழ்த்தி, "மக்கா, இது அந்தப் பெரிய வியாதி இல்லல்லா?" என்றார்.

மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் என் கைமுட்டின் பின்னால் ஒரு தட்டுத் தட்டினார். விரல்வரை மின்னல் ஓடியது.

"குஷ்டம் அல்ல. நரம்பு நசுங்குகிறது. அதை எடுத்து முட்டின் முன்பக்கம் வைப்பேன்."

(எங்கள் வீட்டில் உரலை இடம் மாற்றவே நாலு பேர் வேண்டும்!)

கை மரக்க ஊசி போட்டார்கள். அங்கே ஜெபிக்காமல் கத்தி எடுப்பதில்லை. டாக்டர் கண்ணை மூடுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "ஐயா, நான் ஜெபிக்கட்டுமா?" நான் படித்தவன் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

ஆதாமில் தொடங்கினேன். மகாராஜா, அவர் குடிகள், குளச்சல் கடலில் போகிற கப்பல்கள், மழை, மாடு, ஒன்றையும் விடவில்லை. ஜெபத்தில் குறுக்கிடக் கூடாதென்று டாக்டர் பொறுமையாக நின்றார். கம்பவுண்டர் கனைத்தார், பிறகு இருமினார். நான் கடல் தாண்டி டாக்டரின் சொந்த ஊருக்கே போய்விட்டுத்தான் ஆமென் சொன்னேன்.

கத்தி பட்டது. "எம்மோ!"

மரப்பு விட்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் இருந்த அப்பா எழுந்தே விட்டாராம்.

மறுபடி ஊசி. நான் வாயைத் திறக்குமுன் கம்பவுண்டர், "நீரு சும்ம கெடயும் ஓய்!" என்று அதட்டிவிட்டு, "ஆண்டவரே, காத்தருளும். ஆமென்" என்று முடித்தார்.

அதன்பின் கண்டதைச் சொல்ல இன்றும் எனக்கு வார்த்தை போதவில்லை. நான் கெஞ்சியதால் டாக்டர் மறைப்புத் துணியை விலக்கினார். சிவப்புக்கு நடுவே வெள்ளைவெளேரென்று, பச்சைப் பனைநார் போல ஒன்று கிடந்தது. இடுக்கியால் மெல்லத் தொட்டார். செத்துக் கிடந்த சுண்டுவிரல், நான் சொல்லாமலே துடித்தது. நான் எழுதிய எழுத்தெல்லாம் இந்த நார் பிடித்து ஓடி வந்ததா! அத்தனை நீள ஜெபத்தில் இதற்கு மட்டும் நன்றி சொல்ல விட்டுப்போயிருந்தது.

விரல்கள் மெதுவாக நிமிர்ந்தன. வேலையும் கிடைத்தது. ஒருநாள் நான் கரும்பலகையில் எழுதுவதை அப்பா வகுப்பு வாசலில் நின்று பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, விரலைத்தான் பார்த்தார்.

இப்போதும் சாப்பாட்டு ஜெபத்தை நான் கொஞ்சம் நீட்டினால் போதும், கஞ்சியில் கைவைத்தபடி அப்பா குரல் கொடுப்பார்:

"மக்கா, மரப்பு விடுதுலே! ஆமென் சொல்லு!"