ஒரே திருப்பில் ஸ்டார்ட்

எட்டாவது தடவையாகச் சாவியைத் திருப்பினார். வண்டி தொண்டையைச் செருமியது. பிறகு, சொல்ல வந்ததை மறந்துவிட்ட ஆள் மாதிரி அடங்கிப்போனது.

"என்னங்க, மணி எட்டரை," என்றாள் பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்திருந்த மனைவி.

"சும்மா இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

அந்தக் காரைக் கிளப்ப ஒரு வித்தை இருந்தது. சோக்கைப் பாதி இழுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதிக்க வேண்டும். பதினொன்று வரை எண்ண வேண்டும். பிறகு சாவியைத் திருப்பிக்கொண்டே டாஷ்போர்டில் ஓங்கி ஒரு அறை விட வேண்டும். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இது தெரியும். அவருக்கே இரண்டு நாளுக்கு ஒரு நாள்தான் பலித்தது.

அன்று பலிக்கவில்லை. மாதிரித் தேர்வுக்கு மகள் இருபது நிமிடம் தாமதமாகப் போய், கடைசி நான்கு கேள்விகளைத் தொடாமலே திரும்பி வந்தாள்.

"அடுத்த திங்கக்கிழமைதான்பா நிஜ எக்ஸாம். அன்னிக்கு நான் பஸ்லயே போயிடறேன்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பரிவாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் வாதாடுவார் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் 'காற்புள்ளி'. ஒரு தவறு கண்ணில் பட்டுவிட்டால் திருத்தும் வரை உட்கார்ந்தால் உட்கார முடியாது, நின்றால் நிற்க முடியாது.

அன்று மாலை மச்சினன் வந்தான். எந்த விஷயமானாலும் அதைப் பற்றி மூன்று வீடியோவாவது பார்த்திருக்கிற ஆள்.

"அத்தான், இன்னுமா பாயின்ட் இக்னிஷன்? அதெல்லாம் மியூசியத்துல வெச்சாச்சு. எலக்ட்ரானிக் போடுங்க. தீப்பொறி மின்னல் மாதிரி அடிக்கும். தொட்டா ஸ்டார்ட்!"

மறுநாள் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சார், தீப்பொறி வர்ற எடத்துல பாயின்ட் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். நகத்தளவு சாமான். அதை மாத்தினா ஒரு வருஷத்துக்குத் தொட வேணாம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு எலக்ட்ரானிக் எதுக்கு?"

வேலை வேண்டாம் என்கிற மெக்கானிக்கைக் காற்புள்ளி அதுவரை பார்த்ததில்லை. ஆளுக்கு எலக்ட்ரானிக் தெரியாது போலிருக்கிறது என்று முடிவுகட்டினார். "பரவாயில்ல, போடுங்க," என்றார்.

போட்டார்கள். வண்டி இரண்டாவது திருப்பில் கிளம்பியது. ஆனால் ரேடியோவில் செய்தி வாசித்த பெண்ணின் வாய்க்குள் வண்டு புகுந்துகொண்டது. வேகம் கூடக் கூட அவளும் "ர்ர்ர்" என்று கூடவே உறுமினாள்.

"பழைய காயில் அத்தான். புது மூளைக்குப் பழைய இதயம் எப்படிச் சேரும்?" என்றான் மச்சினன்.

காயிலை மாற்றினார். இப்போது சிக்னலில் நின்றால் வண்டி குளிர் ஜுரம் வந்தது போல் நடுங்கியது. மனைவி மடியிலிருந்த கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நமக்கு இதெல்லாம் தேவையா?" என்றாள்.

"பழைய வயர் அத்தான். புதுக் காயிலோட பவரைத் தாங்கல."

மெக்கானிக் வெளியூர் போயிருந்தார். காற்புள்ளி லீவு போட்டுவிட்டு, வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தானே நான்கு வயர்களையும் மாட்டினார். சொற்கள் இடம் மாறினால் வாக்கியம் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வயர் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சாவியைத் திருப்பியபோது தெரிந்தது.

தெருவே அதிரும்படி ஒரு வெடி. சைலன்சர் வாய் பிளந்தது. எதிர்வீட்டு மாடியில் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்த தையல்காரர், பாதி மூஞ்சியைக் கையால் மறைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஒரு பக்கம் போச்சு சார். மிச்சத்தை நானே எடுத்துக்கட்டுமா, இல்ல நீங்க இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்றீங்களா?"

சனிக்கிழமை மெக்கானிக் திரும்பி வந்தார். வயர்களைப் பார்த்தார், காற்புள்ளியைப் பார்த்தார். வயர்களை வரிசைப்படி மாட்டி, வேறு சைலன்சர் பொருத்தி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே யார் திருப்பினாலும் கிளம்பும் சார்."

திங்கட்கிழமை காலை காற்புள்ளி சாவியைத் திருப்பினார். அறையும் வேண்டியிருக்கவில்லை, எண்ணிக்கையும் வேண்டியிருக்கவில்லை. வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு புறப்பட்டது. தேர்வு மையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள், வாயிற்கதவுகூடத் திறக்கவில்லை. கேட்காமலே வாட்ச்மேனுக்கு மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்.

மகள் எல்லாக் கேள்விகளையும் எழுதிவிட்டு வந்தாள். காரில் ஏறியதும் அவர் தோளில் கை வைத்து, "தேங்க்ஸ்பா," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நான்கு சைலன்சர் வெடித்தாலும் தகும் என்று அவருக்குத் தோன்றியது.

புதன்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தார். வண்டியை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே போனார். கைகழுவிவிட்டு வெளியே வந்தபோது, பதினாறு வருடமாக வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"யாராவது தள்ளி நிறுத்தியிருப்பாங்க," என்றாள் மனைவி. தெருக்கோடிவரை நடந்து பார்த்தார்கள். தள்ளி நிறுத்தவில்லை.

காவல் நிலையத்தில் ஏட்டு புகாரை எழுத ஆரம்பித்தார். எழுத்துப்பிழை ஒன்றைச் சுட்டிக்காட்ட வாயெடுத்த காற்புள்ளியை மனைவி முழங்கையால் இடித்தாள்.

"வண்டி என்ன கலர்?"

"நீலம். இடது கதவு மட்டும் வெள்ளை."

ஏட்டு பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "எதிர்ல தையக்கடைக்காரர் வீடு. அந்த வண்டியா?"

"அதேதான். உங்களுக்கு எப்படி..."

"அது எப்படி சார் திருடு போகும்? அதுதான் ஸ்டார்ட்டே ஆகாதே!"

"இப்ப ஆகுது. போன வாரம் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன்," என்றார் காற்புள்ளி. அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்த்தது.

ஏட்டு பேனாவை மூடினார். உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஐயா, அவர் வண்டியை ரிப்பேர் பண்ணிட்டாராம்!" என்று கத்தினார். பிறகு, மனசே விட்டுப்போனவராகக் காற்புள்ளியைப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நாலு வருஷத்துல அந்தத் தெருவுல நாங்க பிடிச்ச அஞ்சு திருடனும் உங்க வண்டியில உக்காந்து ஸ்டார்ட் பண்ணிக்கிட்டிருந்தவங்கதான். சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்கன்னுதான் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு ஐயா உத்தரவு!"