வாங்கவே மாட்டாத பிரின்சிபால்

தில்லியில் தெருவுக்குத் தெரு காணக் கிடைக்கும் ஜீவன்களில், குரங்கை அடுத்து முக்கியமானவர் நேர்மையான பிரின்சிபால். உண்மையிலேயே நேர்மையாக இருப்பவரை நான் சொல்லவில்லை. அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? தம் நேர்மையைத் தாமே சொல்லிக்கொண்டு திரிபவரைச் சொல்கிறேன்.

நம் சந்திரமௌலியையே எடுத்துக்கொள்ளுங்கள். காலைப் பிரார்த்தனையில் நேர்மையைப் பற்றி ஆரம்பித்தால், வெயிலில் இரண்டு குழந்தைகள் மயங்கி விழும்வரை பேசுவார், விழுந்ததுகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, “பார்த்தீர்களா, இவர்கள் நடிக்கவில்லை, இதுதான் நேர்மை!” என்று அதையும் உதாரணமாக்குவார். அட்மிஷன் சமயத்தில் யாராவது இனிப்பு டப்பாவை நீட்டினால் போதும், வராந்தா அதிரும்.

“எடுங்க முதல்ல! என்னை யாருன்னு நினைச்சீங்க? இங்கே இல்லை, லோதி ரோடுல என் வீட்டுக்கே, மாடியில இடதுபக்கம், காலிங் பெல் ரிப்பேர், கதவைத் தட்டணும், அங்கே கொண்டுவந்தாலும் வாங்க மாட்டேன்! எனக்கு ஷுகர் வேற. முந்திரின்னாலும் வாங்க மாட்டேன்!”

புரிந்தவர்கள் முந்திரி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரை விட்டார்கள். புரியாதவர் ஒரே ஒருவர், தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இருதயசாமி. மகள் ஜெனிஃபருக்கு மூன்றாம் வகுப்பில் இடம் கிடைத்தால்தான் குடும்பம் தில்லிக்கு வரும். “இப்படியும் ஒரு மனுசரா!” என்று கண்கலங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் இனிப்பைத் திருப்பி எடுத்துப்போய்த் தாமே தின்று தீர்த்தார். “பெட்டியக் கட்டுங்க!” என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து மனைவிக்குக் கத்தவும் செய்தார்.

பட்டியல் ஒட்டினார்கள். ஜெனிஃபர் பெயர் இல்லை. பதறி ஓடியவரின் கையைச் சந்திரமௌலி எழுந்து நின்று குலுக்கினார்.

“இத்தனை பேர்ல எதுவுமே கொடுக்காத மனுஷர் நீங்க ஒருத்தர்தான். எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?”

“அப்பம், பிள்ளைக்கு சீட்டு, ஸார்?”

“அதெப்படி? சும்மா சீட்டு கொடுத்தா, இவருக்கு வேண்டப்பட்டவர்னு நாலு பேர் பேச மாட்டாங்களா? என் நேர்மை என்ன ஆகிறது?”

தூத்துக்குடியில் கட்டிய பெட்டியைப் பிரித்தார்கள். எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்களிடம் ஒருவர் காரியமாக வந்தாரே, “அய்யோ, எதுக்குங்க இதெல்லாம்?” என்று உங்கள் வாய் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது?