ஓட்டை அட்டைக்கு மஞ்சள் வைத்த மாமனார்

கொழிஞ்சாம்பாறை,
9-8-1974, வெள்ளி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை பொங்கியண்ணன் அவர்களுக்கு, மாமன் சென்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஒருவனைத் தவிர எல்லோரும் சுகம். தங்கள் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை இந்தக் கடிதம் முடிவதற்குள் போய்விடும் என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்கிறேன்.

தாங்கள் ஆடி நோம்பி விருந்துக்கு வந்து, மெட்ராஸ் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியபோது மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டி பத்திரமாக இருக்கிறது. பெட்டி என்றால் பெட்டி மட்டும். உள்ளே இருந்ததைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திறந்தது என் தப்பு. உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, அட்டை நிறையப் பூச்சி அரித்தது போல ஓட்டை, போதாததற்கு ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை வெட்டி மூளியாக்கியிருந்தது. கம்ப்யூட்டருக்காகத் தாங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் இதுதான் என்று, ஆடி முடியும் வரை இங்கே இருக்கும் மகள் மருதாத்தாள் சொல்லியிருந்தாள். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை தம் முதல் புரோகிராமை மாமனார் வீட்டில் வைத்துவிட்டுப் போனால், ஆசீர்வாதம் செய்து அனுப்பச் சொல்கிறார் என்றுதானே அர்த்தம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நம் வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்குப் போகும் தாள் எதுவும் நாலு மூலையிலும் மஞ்சள் படாமல் போனதில்லை. ஆகவே மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் வைத்தேன், மூளியான மூலைக்கு மட்டும் ஒரு பொட்டுக் கூடுதலாகவே வைத்தேன், ஈரமாக இருக்கிறதே என்று களத்தில் பரப்பிக் காயவும் போட்டேன். நாற்பது வருஷமாக இந்தக் கணவாய்க் காற்றில் விவசாயம் பார்க்கிறவன், ஆடி மாதத்தில், களத்தில், காகிதத்தைக் காயப்போட்டேன்.

அத்தனையும் எழுந்து கடலைக்காட்டுப் பக்கம் பறந்தது. பின்னாலேயே நானும் ஓடினேன். வேட்டி வேலியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில் பக்கத்துத் தோட்டத்து ராமாத்தாள் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ஊட்டுல கலியாணமுங்களா? பத்திரிகையெல்லாம் பறக்குதுங்க!" என்று கேட்டாள்.

பொறுக்கி முடித்து வீட்டுக்கு வந்தால் தங்கள் தந்தி காத்திருந்தது. பெட்டியைத் திறக்காமல் அனுப்பவும் என்று அதில் இருந்தது. மருதாத்தாள் அதைப் படித்துவிட்டு அழுதே விட்டாள். "அந்த ஓட்டையத்தான் மிஷின் படிக்கும், வரிசை கலைஞ்சா அதுக்கு ஒண்ணும் புரியாதுங்கப்பா. திங்கக்கெழம அரை மணி நேரந்தான் அவருக்கு மிஷின் குடுப்பாங்க. அதுல ஓடலீன்னா வேலைய நெரந்தரம் பண்ண மாட்டாங்க" என்றாள். வலது மூலையில் பொடியாக வரிசை எண் இருக்கும், அதைப் பார்த்து அடுக்கிவிடலாம் என்றும் சொன்னாள். அந்த எண்ணின் மேல்தான் நான் மஞ்சளை அப்பியிருந்தேன்.

"ஏனுங்க, மஞ்ச வெக்கறதுக்கு உங்குளுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலீங்களா?" என்று தங்கள் மாமியார் கமலாத்தாள் கேட்டாள். நான் மஞ்சள் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைத்தேன்.

இரண்டு நாளாக மருதாத்தாள் ஒவ்வோர் அட்டையாக மஞ்சளைச் சுரண்டி, வெயிலில் பிடித்து எண் பார்த்து அடுக்கிவிட்டாள். சுருண்டதையெல்லாம் பாரம் வைத்து நிமிர்த்தினோம். இருநூற்றேழாவது அட்டையை மட்டும் காட்டோரம் மேய்ந்த காளியாத்தாள் வீட்டு எருமை பாதி தின்றுவிட்டது. மிச்சப் பாதியைப் பார்த்து, ஒரு கலியாணப் பத்திரிகையை அளவாக வெட்டி, கோணி ஊசியால் நானே ஓட்டை போட்டிருக்கிறேன். தின்ற பாதியில் என்ன இருந்ததென்று எருமைக்குத்தான் தெரியும் என்பதால், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்து ஓட்டைகளையே அந்தப் பக்கமும் போட்டுவிட்டேன். தாங்கள் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளவும். மற்றபடி எல்லாம் வரிசையாக இருக்கிறது. மூன்று தடவை எண்ணிவிட்டேன். பெட்டியையும் கடிதத்தையும் நம் ஊர் செல்லத்துரை நாளை ரயிலில் கொண்டு வருகிறார்.

மாப்பிள்ளை, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பெண் எடுத்த இடம் இப்படி என்று அவளை மட்டும் ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடவும். ஆசீர்வாதம் சொல்லி முடிக்க வேண்டும். நான் ஆசீர்வதித்தால் என்ன ஆகிறதென்று தெரிந்துவிட்டதால், மாமியாருடையதை மட்டும் அனுப்புகிறேன்.

தலைகுனிந்த,
சென்னியப்பன்

பி.கு.: கடிதத்தாளில் இடம் இல்லை. கட்டின் கடைசியில் ஓட்டையே இல்லாத அட்டை ஒன்று சும்மா கிடந்ததால் அதில் எழுதுகிறேன். மருதாத்தாள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தங்களுக்குக் கோபம் வந்திருக்குமோ என்று பயப்படுகிறாள். திட்டுவதை எனக்குத் தனியாக எழுதிவிட்டு, அவளுக்கு நல்லதாக ஒரு வரி எழுதவும்.

இவ்வளவு எழுதியபோது அவளே வந்து பார்த்துவிட்டாள். "அய்யோ, அது சும்மா அட்டையில்லீங்கப்பா! அதப் பாத்தாத்தான் மிஷின் முடிஞ்சுதுன்னு நிக்குமுங்க. அது இல்லீன்னா எல்லாமே வீணுங்க" என்கிறாள். மை காய்ந்துவிட்டது. ஆகையால் கடிதத்தை மட்டும் எரித்துவிட்டு, இதைக் கட்டின் கடைசியில் வைத்து மிஷினுக்குள் போடவும். தங்கள் அதிகாரி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். அவர் படித்துவிட்டால், இது வேறு யாரோ மாமனார் என்று சொல்லிவிடவும்.