தெர்மாமீட்டர் ஏ.சி.யை நிறுத்திய மதியம்

எனக்கு எழுத்துப் பழக்கம் மளிகைச் சீட்டோடு சரி. பத்தாவதோடு நின்றவள் பத்திரிகைக்கு எழுத வந்ததைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதாவிட்டால் தெர்மாமீட்டரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்திலேயே அவர் ஒருவர்தான். செல்போனில் பட்டன் இருந்த காலம். ஒரகடம் பக்கம் நான் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் அவர் ஏ.சி. மெக்கானிக். பிள்ளைப்பாக்கத்துக்காரர். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர் இருக்கும். அதுவே அவர் பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாக அளந்து, குளிர்ந்த சீட்டாகப் பார்த்துத்தான் உட்காருவார். அதற்குள் தண்டலம் தாண்டிவிடும். கேன்டீன் சாம்பாரில் அதை முக்கியதற்காகச் சமையல்காரர் ஒருநாள் கரண்டியோடு துரத்தினார். இவர் ஓடிக்கொண்டே, "அம்பத்தெட்டுதான்யா கீது, சூடு பண்ணு!" என்று கத்தினார். பெர்சனல் மேனேஜர் கை கொடுத்தால், "கை ஜில்லுனு கீதே சார், எவன வூட்டுக்கு அனுப்பப் போறீங்க?" என்பார்.

அந்தக் கத்திரி வெயிலில் வீட்டுக்குப் போகவேண்டியவளாக இருந்தது நான்.

காருக்குப் போகும் வட்டமான ரப்பர் சவ்வுகளைச் சோதிப்பது என் வேலை. ஃப்ளோரின் சேர்த்த உசத்தி ரப்பர், பெட்ரோலுக்கே அசையாது. சவ்வை மேசையில் இறுக்கி, ஒரு பக்கம் ஹீலியம் விடுவோம். பலூனுக்கு அடைக்கிற வாயுதான். மறுபக்கம் அளவுக்கு மேல் கசிந்தால் சிவப்பு விளக்கு எரியும். காலையில் எல்லாம் பச்சை. மதியம் தகரக் கூரை காய்ந்ததும் ஒரே சிவப்பு. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது.

சூப்பர்வைசருக்கு என் தம்பி வயது. "சோறு துன்னுட்டுத் தூங்கிகினே மாட்றியாக்கா? இப்டியே போனா அடுத்த மாசம் வூட்லயே தூங்கலாம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதைத் தெர்மாமீட்டர் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, முப்பத்தொம்பது டிகிரில நின்னுகினு அழுவுற? ஜில்லுனு எடம் கீது, அங்க வந்து அழு."

சக்கரம் வைத்த என் மேசையை அப்படியே ஆய்வு அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். செருப்போடு நுழைந்தாலே மெமோ கொடுக்கும் ஏ.சி. அறை அது. ஒரு மணி நேரம் எல்லாம் குளிரட்டும் என்று விட்டு, மதியம் தோற்ற பத்து சவ்வுகளையும் மாட்டச் சொன்னார். பத்தும் பச்சை.

விஷயம் பரவி, மேனேஜர் ஆறு அதிகாரிகளோடு வந்துவிட்டார். ஏழு பேரும் கதவோரப் பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்தார்கள்.

"ஏதோ அதிர்ஷ்டம் சார்" என்றார் சூப்பர்வைசர்.

"அப்டியா நைனா? காலைல நீ பாஸ் போட்ட பீஸக் கொண்டா. நீயே மாட்டு" என்ற தெர்மாமீட்டர், ஏ.சி.யை நிறுத்திவிட்டார்.

கண்ணாடி அறை, வெளியே மே மாத வெயில். அவர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். "முப்பது... முப்பத்திமூணு..." அதிகாரிகள் டையைத் தளர்த்தினார்கள், ஃபைலால் விசிறினார்கள், முழங்கையை ஆட்டி ஆட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். முப்பத்தெட்டில் சூப்பர்வைசர் மாட்டினார். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு.

"இப்ப நீ இன்னா துன்ன நைனா?"

"ரப்பர்ல ஓட்டையாய்யா?" என்றார் மேனேஜர்.

"ஓட்டை இல்ல சார். உள்ளாற எல்லாம் நூல் நூலா கீது. குளிர்ல ஒட்டிகினு கெடக்கும், சூடு ஏறினா ஆடும், தள்ளிக்கும். இப்ப உங்க நடுவுல எம்மாம் எடம் கீது பாருங்க. பெட்ரோலு குண்டு ஆளு, நடுவுல உள்ள பூர முடியாது. ஹீலியம் என்ன மாதிரி ஒல்லி."

சொன்னவர் மேனேஜருக்கும் பக்கத்து அதிகாரிக்கும் நடுவே காலைத் தூக்கிப்போட்டு, பெஞ்சைத் தாண்டி வெளியே போயேவிட்டார். மேனேஜர் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அந்தம்மா மேல தப்பில்ல" என்றார்.

அன்று மாலை முழுக்க நன்றி சொல்ல வார்த்தை சேர்த்தேன். எனக்காக அதுவரை யாரும் குரலைக்கூட உயர்த்தியதில்லை. அவர் ஏழு பெரிய மனிதர்களை வேர்க்கவே வைத்துவிட்டார்.

மறுநாள் என் மேசையை ஏ.சி. அறையிலேயே நிரந்தரமாகப் போட்டார்கள். மதியம் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். செருப்போடு நுழைந்ததற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.