பத்தொன்பதாம் மேசையில் கால் மணி நேரம்

தோகொரோவா,
அக்டோபர் 15, புதன்கிழமை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து, தெபாயேரு அக்காவுக்கு உன் தம்பி நூரோவா எழுதிக்கொள்வது.

நம் தீவு முறைப்படி முதலில் கியா ஓரானா. இங்கே நானும் உன் மகன் மதாயிதியும் சுகம். அங்கே பெரியம்மாவின் உடைந்த இடுப்பெலும்பு நன்றாகக் கூடிவர ஞாயிறுதோறும் சர்ச்சில் பெயர் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். உன் வாஷிங் மெஷின் மட்டும் சுகமில்லை. நீ கேட்காதவரை அதைப் பற்றி நானும் எழுதப்போவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ ஆறு கேள்வி கேட்கிறாய், ஆறாவது கேள்வியில் உங்கள் மங்காயாத் தீவில் லைன் அறுந்துபோகிறது. இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம். பெரியம்மாவைப் பார்க்க ஒரு வாரத்துக்கு நம் உறவுக்காரி இனா வருகிறாள் அல்லவா, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. பையன் எப்படி இருக்கிறான், கிறிஸ்துமஸ் வரை நீ அங்கேயே இருக்கலாமா, இல்லை உடனே கிளம்பி வர வேண்டுமா. அதற்காகப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போய், அவன் சொல்வதை முழுக்கக் கேட்டு, ஒரு சொல் விடாமல் உனக்கு எழுதச் சொன்னாய். போனேன். முழுக்கக் கேட்டேன். ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. ஆனால் அக்கா, நான் கேட்டது அவனை அல்ல. பொறு, திட்டாதே, வரிசையாக வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் பள்ளியிலிருந்து வந்த வசந்தகால மடல்தான். நாலு பக்கம். ரோஜா வண்ணத் தாள். குடும்பத்தாருக்கு வழிகாட்டல் என்று போட்டு அதில் இருந்ததையெல்லாம் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் நீ இல்லாத வீட்டில் வேறு யார் எனக்கு வழிகாட்டுவது? வசந்தத்தில் பகல் நீள்வதால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள் என்று இருந்தது, தள்ளி வைத்தேன். அதே மடலைப் படித்துவிட்டு உன் மகனும் தள்ளி வைத்திருக்கிறான். அந்த ஞாயிறு சர்ச்சுக்கு நாங்கள் ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் பைஜாமாவோடு கதவைத் திறந்து, யார் இறந்துபோனது என்று கேட்டார். வெயில் தொப்பி கட்டாயம், எல்லாத் துணியிலும் பெயர் எழுதுங்கள் என்று இருந்தது. எழுதினேன். முப்பத்தொரு வருஷம் மரம் ஏற்றிய லாரி ஓட்டியவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், இருநூறு அடி தள்ளி நின்றாலும் படிக்கலாம். வாஷிங் மெஷினுக்கும் நான் எழுதிய கறுப்பு மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தில்தான் கூட்டத்தைப் பற்றி. ஆசிரியர் பேசமாட்டார். குடும்பத்தாரும் பேசக்கூடாது. பிள்ளையே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, இந்த வருஷம் என்ன கற்றேன், எது எனக்குக் கஷ்டம், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று கால் மணி நேரம் தன் குடும்பத்துக்குச் சொல்லும். பிள்ளை முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கிடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் போனில் படித்துக் காட்டியதும் நீ என்ன சொன்னாய்? "நூரோவா, உன் வாயை வீட்டிலேயே பூட்டி வெச்சிட்டுப் போ" என்று சொன்னாயா இல்லையா? போன வருஷம் ஓட்டப்பந்தயத்தில் அவன் கோட்டைத் தொடுவதற்குள் நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கி நம் பரம்பரைக் கதையைச் சொன்னதை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவாய்? ஆகவே நடந்ததில் பாதிப் பழி உன்னுடையது.

நேற்று மாலை நாலு மணிக்குப் போனேன். குளித்து, பூப்போட்ட சட்டை போட்டு, மூக்குக் கண்ணாடியை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டேன். வாசலில் நம் பிள்ளைகள் மரப்பறை அடித்து எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். மதாயிதி அடித்துக்கொண்டே, பதினாறு, பதினாறு என்று தன் மேசை எண்ணை வாயசைத்துச் சொன்னான். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். மண்டபம் நிறைய மேசைகள், ஒவ்வொன்றிலும் காகிதத்தில் பிள்ளைகள் கையால் எழுதிய எண். பதினாறு என்று நான் நினைத்த மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயசு இருக்கும், ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டிருந்தாள். எதிரே இரண்டு காலி நாற்காலிகள். உங்களை வரவேற்க மாணவர் ஒருவர் இருப்பார் என்று மடலில் படித்திருந்தேனா, சரி, இவள்தான் வரவேற்பு, மதாயிதி பறையை வைத்துவிட்டு வருவான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பைத் திறந்தாள்.

"வணக்கம். என் பேரு ரிப்பேகா. நான் முடிக்கிற வரைக்கும் நீங்க எதுவும் பேசக் கூடாது."

நான் உதட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். உன் ஆணை, பள்ளியின் ஆணை, இப்போது இவள் ஆணை. மூன்றையும் மீற நான் யார்?

அக்கா, இனி எழுதப்போவதை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண் விலாங்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். புகை போட்டு எத்தனை விலாங்கு தின்றிருப்போம், அது யார் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? நம் ஆற்றில் அது அறுபது எழுபது வருஷம்கூட இருக்குமாம். பிறகு ஒரு நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் புறப்பட்டுவிடுமாம். போகிற இடம் டோங்கா பக்கம் ஆழ்கடலாக இருக்கும் என்கிறார்களாம், முட்டையிடுவதைக் கண்ணால் கண்டவர் உலகத்தில் ஒருவரும் இல்லையாம். தாய் அங்கேயே செத்துப்போகும். குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து, ஒரு வருஷத்துக்கு மேல் மிதந்து, கண்ணாடிபோல உடம்புக்குள்ளே எல்லாம் தெரிய, சரியாக வசந்தத்தில் நம் ஆறுகளின் வாய்க்கு வந்து சேரும். வழி சொல்ல யாரும் இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்த ஆற்றோரமாகத்தானே லாரி ஓட்டினேன்!

அப்புறம் அவள் ஒரு சிமெண்ட் பலகையை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் தெளித்து, ஈரமாக்கிய கம்பளி நூல் துண்டுகளை ஒவ்வொன்றாக அதில் ஒட்டி மேலே ஏற்றிக் காட்டினாள். குட்டி விலாங்கு இப்படித்தான் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறுமாம். அணை வந்தால்? அதில் முடியாது. அங்கே ஆட்கள் கூண்டு வைத்துப் பிடித்து, தொட்டியில் போட்டு, லாரியில் ஏற்றி, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறார்களாம். லாரியில், அக்கா! மீன் குஞ்சுக்கு லாரி! எந்த லாரி, யார் ஓட்டுகிறான், ஒரு நடைக்கு எத்தனை குஞ்சு, வளைவில் தண்ணீர் தளும்பினால் என்ன செய்வான் என்று என் வயிற்றுக்குள் நாற்பது கேள்வி முட்டியது. என்னையறியாமல் கை உயர்ந்துவிட்டது.

"கையைக் கீழ போடுங்க," என்றாள்.

போட்டேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்து மறுநாளே மனம் மாறிய அந்த நான்கி என்பவளைத் தவிர, வேறு எந்தப் பெண்ணும் என்னை இப்படி வாயடைக்க வைத்ததில்லை.

அப்போதுதான் வாசலில் பறை நின்றது. திரும்பிப் பார்த்தேன். மதாயிதி வந்து, மூன்று மேசை தள்ளி, ஒரு மேசைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தான். அவன் மேசைதான் பதினாறு. குனிந்து உற்றுப் பார்த்தால், நான் உட்கார்ந்திருப்பது பத்தொன்பது. எழுந்திருக்கவும் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெண் அப்போதுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பி, "எனக்குக் கஷ்டமான விஷயம்," என்று தொடங்கியிருந்தாள். "எனக்கு உதவி வேணும்னா கேக்க வராது. கேக்கறதுக்குள்ள வேண்டாம்னு தோணிடும்." இதைச் சொல்கிற பிள்ளை முன்னால் எழுந்து நின்று, மன்னிச்சுக்கோம்மா மேசை மாறிடுச்சு என்று நீ சொல்வாயா? எனக்கு மனம் வரவில்லை. அங்கே உன் பிள்ளை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே நான் இருக்கையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் இழுபட்டேன்.

முடித்துவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். குடும்பத்தார் கருத்து என்று நாலு கோடு. இனிமேல் நான் பேசலாமாம்.

"பாப்பா, நான் மதாயிதியோட மாமா. தப்பான மேசைல உக்காந்துட்டேன்."

"தெரியும். நீங்கதானே ஓட்டப்பந்தயத்துல மைக்கைப் பிடுங்கினீங்க?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்களே," என்றாள்.

அவள் அப்பா அம்மாவுக்குப் பால் பண்ணையில் வேலை. இது கன்று போடும் காலம், நாலு மணிக்கு நானூறு மாட்டை விட்டுவிட்டு யார் வருவது? அவளும் அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் அந்த நாலு கோட்டிலும், ஓரத்திலும், பின்பக்கத்திலும் எழுதினேன். கடைசியில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. என்னம்மா எழுதட்டும் என்றேன். யோசித்து, "வந்தவர்னு எழுதுங்க," என்றாள். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஓட்டுநர் உரிமத்தில்கூட அவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

மணி அடித்துவிட்டது. மதாயிதியின் நேரம் போய்விட்டது. வண்டி நிறுத்துமிடம் வரை நான் அவன் பின்னாலேயே ஓடினேன்.

"டேய், மன்னிச்சிடுடா. மாமா ஒரு மடையன்."

"பரவாயில்ல மாமா. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டா? வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கென்ன?"

"நீங்க கால் மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்து நான் பாத்ததே இல்ல. கலைக்க மனசு வரல." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அவளுக்குப் போன வருஷமும் யாரும் வரல மாமா. எங்க டீச்சர் மிஸ் டன்லப்தான் உக்காந்தாங்க. எனக்கென்ன, நீங்க வீட்டுலயேதானே இருக்கீங்க," என்றான்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக் கதவைத் திறக்காமல் நின்றேன் அக்கா. அந்த விலாங்குகூட எனக்கு இவ்வளவு ஆச்சரியம் தரவில்லை. ஒரு வாரமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தயார் செய்ததை, இன்னொரு பிள்ளைக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, பசிக்குது மாமா என்று வண்டியில் ஏறுகிறான். நீ இவனை எப்படி வளர்த்தாய்? நம் வீட்டில் யாரிடமிருந்து வந்தது இது? நிச்சயம் என்னிடமிருந்து இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினான். கணக்கு நன்று. வாசிப்பு நன்று. கஷ்டமானது எதுவும் இல்லை. எல்லாம் நன்று. ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: கவலைப்படாமல் கிறிஸ்துமஸ் வரை இரு, பெரியம்மா எழுந்து நடக்கட்டும், இங்கே எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவின் பாதங்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பக்கத்து வீட்டாருக்கும், கோழிகளுக்கும், என்னை இன்னும் நினைவு வைத்திருக்கும் எவருக்கும் என் விசாரிப்பு. உங்கள் எல்லாரையும் கடவுள் காக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
நூரோவா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு, மறுநாள் பிரித்து எழுதுகிறேன். கணக்கு நன்று என்று மேலே இருக்கிறதே, அது பொய். அவன் எனக்கு ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. கோப்பைத் திறக்கவே இல்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். இன்று காலை ரொட்டி தடவிக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "அது அம்மாவுக்குப் பண்ணது மாமா. நீங்க அந்த மேசைல போய் உக்காந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு," என்றான். நான் வியந்த பெருந்தன்மையில் பாதிதான் ரிப்பேகாவுக்காக. மீதி உனக்காக. கிறிஸ்துமஸ் என்று எழுதிய வரியை அடித்துவிடு. இனா ஒரு மாதம் அங்கே தங்கிப் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள், இதைப் படிக்கும்போது அவளையே கேள். மிஸ் டன்லப் இருபத்தொன்பதாம் தேதி நாலரை மணிக்கு அவனுக்கு வேறு நேரம் கொடுத்திருக்கிறார். நானும் கூட வரட்டுமாடா என்று கேட்டேன். "நீங்க வண்டியிலயே இருங்க மாமா," என்றான். இருக்கிறேன் அக்கா. நீ வா.