கரண்டி அண்ணையும் கடலுக்கு மேலே ஒரு கலியாண விருந்தும்

டென்மார்க்கில் கரண்டியைச் சாப்பிடுவதற்குப் பயன்படுத்தாத ஒரே மனிதர் கரண்டி அண்ணைதான். சோற்றுக்குக் கை இருக்கிறது. சூப்பைக் கோப்பையோடு தூக்கிக் குடிப்பார். சட்டைப் பையில் பேனையைப்போல் செருகியிருக்கும் அந்தத் தேக்கரண்டிக்கு ஒரே வேலை, கண்ணாடிக் குவளையில் "டிங் டிங்" என்று தட்டுவது. தட்டிவிட்டு எழுந்து பேசுவார்.

இது டெனிஷ்காரரின் வழக்கம். விருந்தில் யாராவது குவளையைத் தட்டினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வந்த புதிதில் இதைக் கண்ட அண்ணை அசந்துபோனார். தட்டினால் சனம் வாயை மூடுகிற நாட்டைவிட்டு எங்கே போவது என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

பிரெடெரிசியா நகரில் நானும் அண்ணையும் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில், சாப்பாட்டு அறைக்குப் புது மைக்ரோவேவ் வந்தபோது வரவேற்புரை நிகழ்த்தினார். பழையது போனபோது இரங்கலுரையும் அவர்தான். தேவாலயத் திருநாள் விருந்தில், "சுவாமி, உங்கட பிரசங்கம் நல்லாத்தான் இருந்தது. நான் கொஞ்சம் சுருக்கிச் சொல்லுறன்" என்று தொடங்கி, பிரசங்கத்தைவிட நீளமாகப் பேசினார். பிரியாணி ஆறிப்போனது.

நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எழும்பி வெளியே போய்விடுவேன். கலியாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனபோது என் மனைவி ரெஜினா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, நகை வேண்டாம், சீலை வேண்டாம். பயமில்லாத ஒரு பின்னேரம் தாங்கோ. ஒண்டே ஒண்டு."

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் புகழ்ந்த இடம் தாய்லாந்தின் கடற்கரை நகரமான ஹுவா ஹின். இதைக் கேள்விப்பட்ட கரண்டி அண்ணை, "வெள்ளி விழாவுக்குப் பேச ஆள் வேண்டாமோ?" என்று தானும் டிக்கெட் எடுத்துவிட்டார். விமானத்தில் பிளாஸ்டிக் குவளை. தட்டினால் சத்தமே வரவில்லை. அண்ணை வாயாலேயே "டிங் டிங்" என்று சொல்லிவிட்டு, விமானிக்கு நன்றியுரை தொடங்கினார்.

ஹுவா ஹின் பின்னேரத்தை என்னவென்று சொல்ல! வெயில் இறங்கியதும் நகரமே எழுந்து தலைசீவிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. தெருவெல்லாம் வண்ண விளக்கு. ஐஸ் மேல் என் முழங்கை நீளத்துக்கு இறால்கள். மோட்டார் சைக்கிள் வண்டியில் கணவாய் மீன் சுடும் புகை. கடற்கரையில் ஒருவன் நெருப்புப் பந்தைச் சுழற்ற, பிள்ளைகள் கூவின. ரெஜினா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டேன். ஆட்கள் பார்ப்பார்கள் அல்லவா?

நாங்கள் போன உணவகம் கடலுக்கு மேலே மரத்தூண்களில் நின்றது. பலகை இடுக்கால் பார்த்தால் கீழே அலை. மேசைகளில் பாதிக்குமேல் குளிருக்குத் தப்பி வந்த டெனிஷ்காரர், அவித்த நண்டைப்போல் சிவந்து. மேடையில் ஒரு தாய்லாந்துப் பெண் உருகி உருகிப் பாடினாள்.

நான் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். "ரெஜினா, இந்தத் தூண் எப்ப நட்ட தூண் எண்டு ஒருக்காக் கேளும்."

"நீங்கள் இறால் சாப்பிட வந்தனீங்களோ, இஞ்சினியர் வேலைக்கு வந்தனீங்களோ?"

"இறாலும் கழுவினதோ தெரியேல்லை. ஐஸ் எந்தத் தண்ணியோ..."

அவள் முள்ளுக்கரண்டியை வைத்தாள். கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சரியப்பா. எழும்புங்கோ, அறைக்குப் போவம்."

அப்போதுதான் கேட்டது, "டிங் டிங்".

கரண்டி அண்ணை எழுந்து நின்று டெனிஷில் முழங்கினார். "நண்பர்களே! இந்த இருவரும் இன்று வெள்ளித் தம்பதிகள்!"

இங்கே இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டெனிஷ் கலியாண விருந்தில் எல்லோரும் தட்டுகளைத் தட்டினால், தம்பதிகள் கதிரையில் ஏறி நின்று முத்தமிட வேண்டும். காலால் நிலத்தை உதைத்தால், மேசைக்குக் கீழே போய் முத்தமிட வேண்டும். எங்கள் தமிழ் ஆட்களின் விருந்தில் இந்தக் கட்டம் வந்தால் எல்லோரும் கோழிக்காலில் கவனமாகிவிடுவோம்.

ஆனால் அங்கே இருந்தவர்கள் டெனிஷ்காரர். மேசை மேசையாகத் தட்டத் தொடங்கினார்கள். என்னவென்று விளங்காமலே பரிசாரகப் பெண்களும் தட்டங்களைத் தட்டினார்கள். பாடகி பாட்டை நிறுத்திவிட்டாள்.

"ஏறடா தம்பி கதிரையில!"

"அண்ணை, உங்களுக்கு விசரோ? சுத்திவர ஆக்கள்!"

"ஆக்கள் இல்லாட்டி நான் ஏன் தட்டுறன்?"

நான் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காலைத் தூக்கி ஓங்கி உதைத்தார். அவ்வளவுதான், அத்தனை டெனிஷ்காரரும் உதைத்தார்கள். பலகை குதித்தது, குவளை குதித்தது, தூண் முனகியது. தூண் சரியுது என்று நினைத்து நான் ஒரே பாய்ச்சலில் மேசைக்குக் கீழே!

மேலே ஒரே ஆரவாரம். நான் வழக்கத்துக்குப் பணிந்துவிட்டேனாம். மேசை விரிப்பை விலக்கிக்கொண்டு ரெஜினாவும் உள்ளே வந்தாள்.

"பலகை உடையுதப்பா!" என்றேன்.

"உடையட்டும்" என்றாள்.

மிச்சத்தை எழுதமாட்டேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் யாரையாவது பிடித்து வாசிப்பிப்பார்கள்.

வெளியே வந்தபோது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் எடுக்கவில்லை. பாடகி துள்ளலாக ஒன்றைத் தொடங்க, ரெஜினா டெனிஷ் ஆச்சிகளோடு ஆடினாள். நானும் ஆடினேன் என்று அண்ணை சொல்கிறார். இறாலை யார் கழுவினார்கள் என்று கேட்காமலே சாப்பிட்டேன், அது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "அண்ணை, உங்கட வெள்ளி விழாவுக்கு ஆர் பேசினது?"

அவர் கடலைப் பார்த்தார். "தட்டக் கனபேர் ஆயத்தமா இருந்தவை, தம்பி. கதிரையில ஏறத்தான் அவ இல்லை. அதுக்கு முந்தின வருசமே கண்ணை மூடிட்டா."

அவர் பேசி நான் கேட்ட மிகச் சிறிய பேச்சு அதுதான்.

இப்போது அண்ணை மகளோடு வடக்கே ஓல்போர்க் நகரில் இருக்கிறார். போகும்போது அந்தக் கரண்டியை ரெஜினாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில பின்னேரங்களில் அவள் தேநீர்க் கோப்பையில் மெல்லத் தட்டுவாள். முன்பென்றால் யன்னல் திரை மூடியிருக்கிறதா என்று பார்த்திருப்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் நான் வாசலைத்தான் பார்க்கிறேன், கரண்டி அண்ணை வந்துவிட்டாரோ என்று.